அப்டேட் பட்டனை அமுக்கலாமா? ரவுட்டர் கேள்வி பதில்

போன இதழ்ல ரவுட்டர்ல கம்பெனி ஃபர்ம்வேர (உள்ள ஓடற சாஃப்ட்வேர) தூக்கிட்டு ஓபன்டபிள்யூஆர்டி-ங்கற இலவச லினக்ஸ் ஃபர்ம்வேர போடறது பத்தி எழுதியிருந்தோம், அதுக்கு வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே ரகம்: போட்டாச்சு, இனிமே அப்டேட் எப்படி? அதனால இந்த தடவ முழுக்க பேக்கேஜ், அதாவது தனித்தனியா போடற சாஃப்ட்வேர் துண்டு, அந்த சமாச்சாரம்தான்.

லூசி-யில (ரவுட்டரோட வெப் பக்கம்) சாஃப்ட்வேர் பக்கம் போனா அப்டேட்ஸ் டேப்ல ஏகப்பட்ட பேக்கேஜ் வரிசையா நிக்குது. எல்லாத்தையும் ஒரே வரியில அப்கிரேட் பண்ற கமாண்ட் ஒண்ணு நெட்ல கிடைச்சுது, ஓட்டினேன். பாதியில இடம் இல்லன்னு எரர். ரீபூட் பண்ணா வைஃபையே வரல. ரவுட்டர் போச்சா சார்?
– ஈரோடு வாசகர்

போகல, பயப்படாதீங்க. அப்கிரேட் ஆகக்கூடிய லிஸ்ட்ட எடுத்து அப்படியே ஓபிகேஜி-ங்கற பேக்கேஜ் மேனேஜர் வாயில திணிக்கற அந்த வரிதானே, வருஷக்கணக்கா நெட்ல சுத்திக்கிட்டு இருக்கு, யாரும் அத புதைக்க மாட்டேங்கறாங்க.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். உங்க ரவுட்டர் ஃபிளாஷ்ல ரெண்டு பகுதி இருக்கு. ஒண்ணு ஸ்குவாஷ்எஃப்எஸ், நீங்க ஃபர்ம்வேர் ஃபிளாஷ் பண்ணப்ப எழுதினது, நல்லா சுருக்கி வச்சது, படிக்கத்தான் முடியும், மாத்த முடியாது. இன்னொண்ணு ஓவர்லே, நீங்க மாத்தற எல்லாமே அங்கதான் போய் உக்காரும். இப்ப ஃபர்ம்வேர் கூடவே வந்த ஒரு பேக்கேஜ அப்கிரேட் பண்ணீங்கன்னா, சுவத்துல இருக்கற பழைய போஸ்டர் மேல புதுசு ஒட்டற மாதிரி, புதுசு ஓவர்லேல வந்து உக்காரும், பழசு அடியில அப்படியேதான் இருக்கும், அதோட இடம் திரும்பி வரவே வராது. பழச டெலீட் பண்ணாலும் ஒரு கேபி கூட மிச்சமாகாது, ஏன்னா டெலீட் பண்ணேன்னு ஒரு குறிப்ப ஓவர்லேல எழுதி வைக்குமே தவிர அடியில கை வைக்காது. 16 எம்பி ஃபிளாஷ் ரவுட்டர்ல ஓவர்லேக்கு கிடைக்கறதே சில எம்பி, அதுல முப்பது பேக்கேஜ ரெண்டாவது காப்பி போட்டா எங்க போறது. இடம் எவ்வளவு தீந்துச்சுன்னு காட்டற டிஎஃப் கமாண்ட்ல ஓவர்லே வரியப் பாத்தீங்கன்னா இப்ப நூறு சதவீதம்னு காட்டும்.

இடம் மட்டும் இருந்திருந்தா சரியாப் போயிருக்குமான்னா, அதுவும் உத்தரவாதம் கிடையாது. ஓபிகேஜி ரொம்ப சின்ன புரோகிராம், டெஸ்க்டாப் லினக்ஸ்ல ஏபிடி பண்ற அளவுக்கு முன்னபின்ன யோசிக்காது. ஒரு லைப்ரரி புதுசாயிடும், அத நம்பி இருக்கற நாலு புரோகிராம் பழசாவே இருக்கும், ரீபூட் பண்ணதும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம எதுவும் ஸ்டார்ட் ஆகாது. உங்க விஷயத்துல வைஃபை சம்பந்தப்பட்ட ஏதோ ஒண்ணு பாதியில நின்னிருக்கும்.

மீட்கறது சுலபம். லேப்டாப்ப லேன் கேபிள்ல இணைச்சு ஐபிய கையால 192.168.1.2-ன்னு வைங்க. ரவுட்டர ஆன் பண்ணுங்க, லைட் மினுக்க ஆரம்பிச்சதும் ரீசெட் பட்டன அமுக்குங்க, மினுக்கற வேகம் கூடுச்சுன்னா ஃபெயில்சேஃப் மோடுக்கு வந்தாச்சு. 192.168.1.1-க்கு எஸ்எஸ்எச்-ல (நெட்வொர்க் வழியா கமாண்ட் கொடுக்கற வழி) ரூட்டா, அதாவது முழு அதிகாரம் உள்ள யூசரா, போனீங்கன்னா பாஸ்வேர்ட் கேக்காம உள்ள விடும். செட்டிங்ஸ் வேணும்னா முதல்ல மவுண்ட்-ரூட் கமாண்ட் கொடுத்து ஈடிசி கான்ஃபிக் ஃபோல்டர காப்பி பண்ணி லேப்டாப்புக்கு எடுத்துக்கோங்க, அப்புறம் ஃபர்ஸ்ட்பூட் கமாண்ட் கொடுத்து ரீபூட் பண்ணுங்க. மேல ஒட்டினது அத்தனையும் போயி ஃபிளாஷ் பண்ண அன்னிக்கு இருந்த நிலைக்கு வந்துடும். ஒண்ணு மட்டும் கவனம், பழைய பிசியில எக்ஸ்86 இஎக்ஸ்டி4 இமேஜ் (இமேஜ்னா ஃபர்ம்வேர் மொத்தமும் அடங்கின ஃபைல், இஎக்ஸ்டி4-னா முழுசா மாத்தி எழுதக்கூடிய ரகம்) போட்டு ஓட்டறவங்களுக்கு இந்த வழி கிடையாது, அங்க ஓவர்லேயே இல்ல.

அப்ப அப்கிரேடே பண்ணக்கூடாதா? செக்யூரிட்டி ஓட்டை வந்தா என்ன பண்றது?
– அதே வாசகர், அதே கடிதத்துல அடுத்த வரி

பண்ணணும், ஆனா பேக்கேஜ் பேக்கேஜா இல்ல, முழு இமேஜா. 24.10 போட்டிருக்கீங்கன்னா அதுக்குள்ள 24.10.1, 24.10.2ன்னு சின்ன ரிலீஸ் வந்துக்கிட்டே இருக்கும், கர்னல், டிஎன்எஸ்மாஸ்க், எஸ்எஸ்எல் லைப்ரரி எல்லாம் ஒண்ணா பில்ட் ஆகி ஒண்ணா டெஸ்ட் ஆகி வரும். அத சிஸ்அப்கிரேட் (முழு இமேஜயும் மாத்தற கமாண்ட்) பண்ணா அடிப்பகுதியே புதுசாயிடும், ரெண்டு காப்பி பிரச்சினையே இல்ல.

இதுல எல்லாரும் சிக்கற இடம் ஒண்ணு இருக்கு. கீப் செட்டிங்ஸ்னு டிக் பண்ணா செட்டிங்ஸ் மட்டும்தான் தப்பிக்கும், நீங்க தனியா போட்ட பேக்கேஜ் எதுவும் திரும்ப வராது. விளம்பரம் தடுக்கற ஆட்பிளாக்கோட கான்ஃபிக் ஃபைல் இருக்கும், ஆட்பிளாக் இருக்காது. அதுக்குத்தான் அட்டெண்டட் சிஸ்அப்கிரேட்னு ஒரு வசதி, உங்ககிட்ட என்னென்ன பேக்கேஜ் இருக்குன்னு சர்வருக்கு சொல்லும், சர்வர் அதையெல்லாம் உள்ள வச்சே உங்க மாடலுக்குன்னு ஒரு இமேஜ் செஞ்சு கொடுக்கும். லூசி-க்கு ஆப் இருக்கு, கமாண்ட் லைன்ல 24.10-ல இருந்து ஓவட்-னு ஒரு டூல், முதல்ல ஓவட் செக் போட்டு என்ன மாறப்போகுதுன்னு படிங்க, அப்புறம் ஓவட் அப்கிரேட். இல்ல நானே பாத்துக்கறேன்னா ஃபர்ம்வேர் செலக்டர் தளத்துல உங்க மாடல எடுத்து, கீழ கஸ்டமைஸ்-ங்கற இடத்துல பேக்கேஜ் பேரெல்லாம் டைப் பண்ணி இமேஜ் கேளுங்க. எனக்கு இதுதான் புடிக்கும், லிஸ்ட் நம்ம கையில இருக்கும்.

24.10.1-ல இருந்து 24.10.2 மாதிரி சின்ன தாவல்னா செட்டிங்ஸ வச்சுக்கலாம். பெரிய தாவல்னா ரிலீஸ் நோட்ஸ் படிக்காம பண்ணாதீங்க. 21.02-ல நிறைய மாடல் சுவிட்ச் டிரைவர் டிஎஸ்ஏ-ங்கற புது முறைக்கு மாறினப்ப பழைய விலேன் (நெட்வொர்க்க பிரிச்சு வைக்கற) செட்டிங் எதுவும் ஒத்துவரல, 22.03-ல ஃபயர்வால் என்எஃப்டேபிள்ஸ்க்கு போனதும் ஐபிடேபிள்ஸ்ல கையால எழுதி வச்ச ரூல் எல்லாம் வேலைக்காகாம போச்சு.

தனி பேக்கேஜ் அப்கிரேட் எப்ப ஓகேன்னா, நீங்களே பின்னால போட்டது, அத நம்பி வேற எதுவும் இல்ல, அப்படிப்பட்டது. ஒரு லூசி ஆப், ஒரு ஸ்கிரிப்ட் பேக்கேஜ், நானோ மாதிரி ஒரு எடிட்டர். அது ஏற்கனவே ஓவர்லேலதான் இருக்கு, பழசு போய் புதுசு வரும், அவ்வளவுதான். பிஸிபாக்ஸ், லிப்சி, நெட்இஃப்டி, எஸ்எஸ்எல் லைப்ரரி மாதிரி மத்ததெல்லாம் நம்பி நிக்கற அடிப்படை பேக்கேஜ் பக்கம் மட்டும் போகாதீங்க.

ஸ்னாப்ஷாட் (ரிலீஸ் ஆகாத டெவலப்மென்ட் வெர்ஷன்) போட்டேன், ரெண்டு வாரம் கழிச்சு யூஎஸ்பி டாங்கிளுக்கு கேமாட் பேக்கேஜ் போட்டா கர்னல் பொருந்தலன்னு எரர். ஃபோர்ஸ் பண்ணலாமா?
– நாகர்கோவில் வாசகர்

கூடாது. கேமாட்-னா கர்னல் மாடியூல், அது எந்த கர்னலோட எந்த கான்ஃபிக்ல பில்ட் ஆச்சோ அதுக்கு மட்டும்தான், அதனாலதான் எரர்ல வெர்ஷனுக்கு பின்னால ஒரு நீளமான ஹாஷ் (உள்ள இருக்கறத வச்சு கணக்குப் போட்ட கைரேகை) வால் மாதிரி தொங்குது. ஸ்னாப்ஷாட் ஓயாம பில்ட் ஆகிக்கிட்டே இருக்கும், நீங்க வச்சிருக்கறது ரெண்டு வாரத்துக்கு முந்தினது, சர்வர்ல இருக்கறது எங்கயோ முன்னாடி போயிடுச்சு. புது ஸ்னாப்ஷாட் இமேஜ கேமாட் உள்ள வச்சே செஞ்சு போடுங்க. வீட்டுல நெட் போச்சுன்னா திட்டு வாங்கற ஆளா இருந்தா ஸ்னாப்ஷாட்டே வேண்டாம், ரிலீஸ் போடுங்க.

இப்ப ஓபிகேஜி இல்லையாம், ஏபிகே-யாம். ஆண்ட்ராய்டு ஆப் எல்லாம் ரவுட்டர்ல ஓடுமா?
– கோவை வாசகி

ஓடாது மேடம், இது அந்த ஏபிகே இல்ல, ஆல்பைன் லினக்ஸோட பேக்கேஜ் மேனேஜர். 24.10 வரைக்கும் ஓபிகேஜி, டெவலப்மென்ட் கிளை மட்டும் 2024 நவம்பர்ல ஏபிகே-க்கு மாறிடுச்சு, அங்க இருந்து பிரியற ரிலீஸ்ல இதுதான். இன்ஸ்டால்-க்கு பதிலா ஆட், ரிமூவ்-க்கு பதிலா டெல், அப்டேட் அதே அப்டேட். டிபெண்டன்சி (எது எத நம்பி இருக்கு) பாக்கறதுல ஓபிகேஜிய விட கெட்டி. ஆனா வெர்ஷன் நம்பர் விஷயத்துல ரொம்ப கறார், முன்னாடி தேதியும் கிட் (சோர்ஸ் கோட் மாற்றங்கள பதிவு பண்ற டூல்) ஹாஷும் நடுவுல கோடு போட்டு ஏனோதானோன்னு வச்சிருந்த பேக்கேஜ் எல்லாம் தேதிக்கு புள்ளி, ஹாஷுக்கு முன்னால ஒரு அலைக்குறின்னு மாத்தி எழுத வேண்டியதாப் போச்சு. அப்புறம் ஏபிகே வந்துட்டதால எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா அப்கிரேட் பண்ணலாம்னு நினைக்காதீங்க, மேல சொன்ன ரெண்டு காப்பி கணக்கு மாறல.

நான் யூஸ் பண்ற ஒரு பேக்கேஜ் ஒரிஜினல் புராஜெக்ட்ல வெர்ஷன் எங்கயோ முன்னாடி போயிடுச்சு, ஓபன்டபிள்யூஆர்டி-ல மட்டும் பழைய வெர்ஷனே இருக்கு. யாருகிட்ட கம்ப்ளெயிண்ட் பண்றது? கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாம் வருஷம் படிக்கறேன்.
– திருச்சி வாசகர்

தம்பி, கம்ப்ளெயிண்ட் பண்ற கவுண்டர் கிடையாது, ஆனா மூணாம் வருஷம்னு சொன்னீங்க பாருங்க, அதனால இந்த பதில் நீளம்.

பேஸ் சிஸ்டம் ஒரு ரெப்போ (சோர்ஸ் கோட் வைக்கற இடம்). மத்ததெல்லாம் ஃபீட்-னு பிரிச்சு வச்சிருக்காங்க, பேக்கேஜஸ், லூசி, ரவுட்டிங், டெலிஃபோனி. நீங்க தேடறது பேக்கேஜஸ் ஃபீட்ல இருக்கும், அதுல ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு ஃபோல்டர், உள்ள ஒரு மேக்ஃபைல், சிலதுல ஒரு இனிட் ஸ்கிரிப்ட், பேட்ச்சஸ்னு ஒரு ஃபோல்டர். மொத்த சோர்ஸ் கோடும் அங்க இருக்காது, அத எங்கிருந்து இறக்கணும், எப்படி பில்ட் பண்ணணும்ங்கற சமையல் குறிப்பு மட்டும்தான். மேக்ஃபைல்ல பிகேஜி மெயின்டெய்னர்-னு ஒரு வரி இருக்கும், அந்த பேர்ல இருக்கறவர் சம்பளம் வாங்கற ஆள் இல்ல, என்னிக்கோ தன் வீட்டு ரவுட்டருக்கு வேணும்னு சேத்தவர், இப்ப வேற ரவுட்டர், வேற வேலை, குழந்தைகுட்டின்னு ஆகியிருக்கலாம். பல பேக்கேஜ் பின்தங்கறதுக்கு காரணம் இவ்வளவுதான்.

நானோ எடிட்டரையே எடுத்துக்குவோம், முதல் பயிற்சிக்கு நல்லது. மேக்ஃபைல்ல தொட வேண்டியது மூணே வரி. பிகேஜி வெர்ஷன்ல புது நம்பர். பிகேஜி ரிலீஸ்ல 1, வெர்ஷன் மாறினா எப்பவும் 1-க்கு திரும்பணும், வெர்ஷன் மாறாம ஸ்கிரிப்ட் மட்டும் திருத்தினாத்தான் 2, 3ன்னு ஏத்தணும், புதுசா வர்றவங்க முதல்ல வாங்கிக்கட்டிக்கறது இதுலதான். மூணாவது பிகேஜி ஹாஷ், அதாவது இறக்கற டார்பாலோட (சோர்ஸ் கோட சுருக்கி வச்ச ஃபைல்) எஸ்எச்ஏ-256 ஹாஷ். இத நீங்க கணக்குப் போட வேண்டாம், செக் டார்கெட்ட (மேக் கமாண்டுக்கு சொல்ற வேலையோட பேர்) ஃபிக்ஸ்அப் 1-னு கொடுத்து ஓட்டினா மேக்ஃபைல்ல தானே எழுதிடும். ஆனா இங்கதான் சோம்பேறித்தனம் கூடாது. அந்த டூல் என்ன இறங்குச்சோ அதோட ஹாஷ எழுதும், இறங்கினது சரியான ஃபைலான்னு அதுக்கு எப்படி தெரியும்? டெவலப்பர் சிக்னேச்சர் ஃபைல் கொடுத்திருந்தா அத வச்சு டார்பால சரிபாருங்க, பழசுக்கும் புதுசுக்கும் டிஃப் (வித்தியாசப் பட்டியல்) போட்டு ஒரு தடவ கண்ண ஓட்டுங்க. 2024 மார்ச்ல எக்ஸ்இசட்-ங்கற கம்ப்ரஷன் டூல்ல பின்வாசல் வச்ச விவகாரம் வெடிச்சப்ப, அந்த பின்வாசல உள்ள நுழைக்கற பில்ட் ஸ்கிரிப்ட் ரிலீஸ் டார்பால்ல மட்டும்தான் இருந்துச்சு, கிட் ரெப்போல இல்ல.

ஹாஷ் ஒத்துப்போகலன்னா உடனே ஹேக்கிங்னு அலறவும் வேண்டாம். 2023 ஜனவரி கடைசியில கிட்ஹப் தானா செய்யற டார்பால்களோட கம்ப்ரஷன் முறை மாறி, உள்ள இருக்கற கோடு அதேதான், ஹாஷ் மட்டும் வேற ஆகி, உலகம் பூரா பில்ட் உடைஞ்சு, அன்னிக்கே பழையபடி மாத்திட்டாங்க. காரணம் தெரியற வரைக்கும் ஃபிக்ஸ்அப் அடிக்காதீங்க, அவ்வளவுதான்.

அடுத்து பேட்ச்சஸ் ஃபோல்டர். புது வெர்ஷன்ல வரி நம்பர் நகந்திருக்கும், ரிஃப்ரெஷ் டார்கெட் ஓட்டினா பேட்ச் எல்லாம் புது இடத்துக்கு சரியாகும். ஏதாவது பேட்ச் ஒட்டலன்னா அத ஒரிஜினல் புராஜெக்ட்லயே சேத்துக்கிட்டாங்களான்னு பாருங்க, சேத்திருந்தா சந்தோஷமா டெலீட் பண்ணலாம். சேக்கலன்னா அது என்னத்துக்குன்னு கிட் லாக்ல படிச்சுட்டு கையால திருத்தணும், முக்கால்வாசி மசில்-ங்கற சி லைப்ரரி சம்பந்தப்பட்டதா இருக்கும், ஏன்னா உங்க உபுண்டுல ஓடற ஜிலிப்சி இங்க இல்ல, இங்க இருக்கற மசில் சின்னது, கண்டிப்பானது, ஜிலிப்சி கண்டுக்காம விடற தப்ப இது விடாது.

அப்புறம் கம்பைல். உங்க ரவுட்டருக்கு மட்டும் பண்ணி பாஸ் ஆச்சுன்னு துள்ளிக்குதிக்காதீங்க, அதே பேக்கேஜ் ஆர்ம்ல, எக்ஸ்86-ல, பைட் வரிசை தலைகீழா இருக்கற பழைய மிப்ஸ்ல எல்லாம் ஓடணும். புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்த சேத்துக்கச் சொல்ற விண்ணப்பம்) போட்டதும் கிட்ஹப்ல தானா பல ஆர்க்கிடெக்சர்ல பில்ட் ஆகும், சிவப்பு வந்தா லாக் படிங்க. கமிட் தலைப்பு பேக்கேஜ் பேர், முக்காப்புள்ளி, அப்டேட் டு இன்ன வெர்ஷன், அவ்வளவுதான் வேணும். கீழ சைன்ட்-ஆஃப்-பை வரி கட்டாயம், உண்மையான இமெயில் ஐடியோட, கிட்ஹப் கொடுக்கற நோ-ரிப்ளை முகவரி வச்சா ஃபார்மாலிட்டி செக்லயே அடிவாங்கும். எதுல கம்பைல் பண்ணீங்க, எந்த ரவுட்டர்ல ஓட்டிப் பாத்தீங்கன்னு எழுதுங்க, ஓட்டிப் பாக்கலன்னா பாக்கலன்னே எழுதுங்க, பொய் சொன்னா எப்படியும் மாட்டுவீங்க.

மெயின்டெய்னர டேக் பண்ணுங்க. அவர் பதில் போடலன்னா வாரம் ஒருக்கா பணிவா ஒரு வரி, போதும். மெயின் கிளையில சேந்தப்புறம்தான் 24.10 மாதிரி ஸ்டேபிள் கிளைக்கு செர்ரி-பிக் (அந்த ஒரு மாற்றத்த மட்டும் எடுத்து சேக்கறது) கேக்கணும், நேரா ஸ்டேபிளுக்கு போனா திருப்பி அனுப்புவாங்க.

வெர்ஷன் நம்பர் பழசா இருந்தாலே ஓட்டைன்னு எங்க ஆபீஸ் ஸ்கேனர் ரிப்போர்ட் கொடுக்குது. உண்மையா?
– சென்னை வாசகர்

ஸ்கேனர் நம்பர மட்டும் பாக்குது. ஸ்டேபிள் கிளையில வெர்ஷன ஏத்தாம ஓட்டைக்கான பேட்ச மட்டும் எடுத்து ஒட்டி, பிகேஜி ரிலீஸ் நம்பர ஒண்ணு கூட்டறது உண்டு, கோடுக்கு அப்புறம் வர்ற அந்த சின்ன நம்பர்தான் ஆதாரம். அந்த பேக்கேஜோட பேட்ச்சஸ் ஃபோல்டர்ல சிவிஇ நம்பர் (ஓட்டைக்கு கொடுக்கற பதிவு எண்) போட்ட ஃபைல் இருக்கான்னு பாருங்க. அதுக்காக ஸ்கேனர் சொல்றது எல்லாமே பொய்யுன்னு ஆபீஸ்ல சண்டை போடாதீங்க, நீங்க 22.03-லயே இருந்தா அதுக்கு 2024-லயே ஆதரவு முடிஞ்சாச்சு, 23.05-க்கு 2025-ல முடிஞ்சுது, பேட்ச் ஒட்ட ஆளே கிடையாது.

இறக்கற பேக்கேஜ யாராவது நடுவுல மாத்தி அனுப்பினா ரவுட்டர் கண்டுபிடிக்குமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

கண்டுபிடிக்கணும், மூணு வருஷம் கண்டுபிடிக்காம இருந்துச்சு.

ஓபிகேஜி முறையில பேக்கேஜ் லிஸ்ட்டுக்குத்தான் டிஜிட்டல் கையெழுத்து, பேக்கேஜுக்கு தனியா கிடையாது. லிஸ்ட்ல ஒவ்வொரு பேக்கேஜோட எஸ்எச்ஏ-256 இருக்கும், இறக்கினதும் ஒப்பிடணும், அதுதான் ஏற்பாடு. 2017 பிப்ரவரியில உள்ள போன ஒரு மாற்றத்தால, லிஸ்ட்ல ஹாஷுக்கு முன்னால இருக்கற ஒரே ஒரு ஸ்பேஸ ஓபிகேஜி தாண்டாம விட்டுடுச்சு. ஸ்பேஸோட சேத்துப் படிச்சா அது ஹாஷ் மாதிரி தெரியல, சரி ஹாஷே இல்ல போலன்னு முடிவு பண்ணி ஒப்பிடறதையே விட்டுட்டு இன்ஸ்டால் பண்ணிடுச்சு, எரரும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்ப டவுன்லோடும் சாதா எச்டிடிபி, ஓபிகேஜி ஓடறது ரூட்டா. நடுவுல ஒருத்தன் அதே சைஸ்ல ஒரு போலி பேக்கேஜ் கொடுத்தா ரவுட்டரே அவனோடது. 18.06.7, 19.07.1 ரெண்டுலயும் சரி பண்ணாங்க, 2020 ஜனவரி கடைசியில. வேடிக்கை என்னன்னா ஓபிகேஜிய சரி பண்ண பழைய ஓபிகேஜிய வச்சே அப்கிரேட் பண்றது ஆபத்து, அதனால முழு இமேஜ போடச் சொன்னாங்க.

இமேஜ் செஞ்சு கொடுக்கற சர்வர் மட்டும் யோக்கியமான்னா, 2024 டிசம்பர்ல அதுலயும் ஒண்ணு வந்துச்சு. ரெக்வெஸ்ட் ஹாஷ 64 எழுத்து முழுசா வைக்காம 12-ஆ வெட்டி வச்சிருந்தாங்க, அதோட பேக்கேஜ் பேர் வழியா கமாண்ட் நுழைக்கற ஓட்டையும் சேந்தா அடுத்தவங்களுக்கு போற இமேஜையே மாத்தி வைக்கலாம். ரிப்போர்ட் வந்த சில மணி நேரத்துல மூடிட்டாங்க. சந்தேகப்பிராணிகளுக்கு இமேஜ் பில்டர்னு ஒரு டூல் இருக்கு, லினக்ஸ் மெஷின்ல இறக்கி வச்சா மாடல் பேரும் பேக்கேஜ் லிஸ்ட்டும் கொடுத்து ஒரே மேக் இமேஜ்ல வீட்டுலயே செஞ்சுக்கலாம். சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ற அளவுக்கு நேரம் ஆகாது, ஏற்கனவே பில்ட் ஆன பேக்கேஜ எடுத்து அடுக்கறதுதான்.

4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் ரவுட்டர் வச்சிருக்கேன். எந்த பேக்கேஜ தூக்கினா புது வெர்ஷன் நுழையும்?
– தஞ்சாவூர் வாசகர்

எத தூக்கினாலும் நுழையாது. அந்த சைஸுக்கு அதிகாரப்பூர்வமா கடைசி 19.07. 2004-ல இந்த புராஜெக்ட்டே ஆரம்பிச்சது லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி-ங்கற 4 எம்பி பெட்டிக்காகத்தான், பேர்ல இருக்கற டபிள்யூஆர்டி-யே அதுதான், இன்னிக்கு அதுக்கே இடமில்ல. புதுசு வாங்கும்போது குறைஞ்சது 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் பாருங்க.

அப்கிரேடுக்கு அப்புறம் கான்ஃபிக் ஃபோல்டர்ல டிஎச்சிபி-ஓபிகேஜின்னு ஒரு ஃபைல் புதுசா முளைச்சிருக்கு. வைரஸா?
– சேலம் வாசகி

இல்லங்க. நீங்க கையால மாத்தின கான்ஃபிக் ஃபைல பேக்கேஜ் அழிக்காது, புது வெர்ஷனோட டீஃபால்ட் ஃபைல பக்கத்துல இந்த பேர்ல வச்சுட்டு போயிடும், ஏபிகே-ல இருந்தா கடைசியில ஏபிகே-நியூ-ன்னு இருக்கும். ரெண்டுக்கும் டிஃப் போடுங்க. புது ஆப்ஷன் ஏதாவது வந்திருந்தா உங்க ஃபைல்ல சேத்துக்கோங்க, சும்மா கமெண்ட் வரி மட்டும் மாறியிருந்தா விட்டுடுங்க, பாத்து முடிச்சதும் அந்த ஃபைல டெலீட் பண்ணிடலாம். பாக்காம அத ஒரிஜினல் மேல ரீநேம் மட்டும் பண்ணிடாதீங்க, வீட்டு பிரிண்டருக்கு, கேமராவுக்கு எல்லாம் நீங்க கொடுத்து வச்ச நிரந்தர ஐபி அத்தனையும் அந்த ஒரிஜினல்லதான் இருக்கு.